பேத்திக்குப் போட்ட ஊசியில் கிருமி இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

பேத்திக்கு ஒன்றரை மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிமோனியா தடுப்பூசி போட்டார்கள். பாக்டீரியாவை வளர்த்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள் என்கிறான் மகன். நாங்கள் குறுவை நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரக் கரைசலில் நனைத்து நடுகிறோம். அதில் உயிர் இருந்தால்தான் பலன். ஊசியிலும் உயிருள்ள கிருமிதானா?

ஒரு விவசாயி, நீடாமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. உங்கள் மகன் பாதியைச் சொல்லியிருக்கிறார். வளர்ப்பது கிருமியை, எடுப்பது அதன் மேலுறையை மட்டும். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற இந்தக் கிருமி தன்னைச் சுற்றி ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு நம் வெள்ளையணுக்களிடம் சிக்காமல் தப்பிக்கும். அந்த உறை சர்க்கரைச் சங்கிலி என்று 1923-இல் ஏவரி, ஹைடல்பெர்கர் என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். உடம்புக்கு அந்த உறை அடையாளம் தெரிந்தால் போதும்.

நிமோகாக்கஸை வளர்ப்பது இப்படி: வேறு கிருமி இல்லாத எஃகுக் கலனில் சோயாச் சத்து, ஈஸ்ட் சாறு, குளுக்கோஸ், கிட்டத்தட்ட நம் உடம்புச் சூடு. வளர வளரக் கிருமி லாக்டிக் அமிலத்தை விடும். அமிலம் ஏறினால் வளர்ச்சி நின்றுபோகும் என்பதால் காரம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரத்தில் திரவம் நன்றாகக் கலங்கிவிடும். அப்போது டியாக்சிகோலேட் என்ற பித்த உப்பைச் சேர்ப்பார்கள். தன் சுவரைத் தானே கரைக்கும் நொதி இந்தக் கிருமியிடமே உண்டு. பித்த உப்பு அதை முடுக்கிவிடும். கலங்கல் தெளிந்துவிடும், கிருமி செத்து உடைந்தாயிற்று. எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இது.

பெரிய பாடு அப்புறம்தான். உடைந்த கிருமியின் புரதம், டிஎன்ஏ எல்லாவற்றையும் நீக்க வேண்டும். வடிகட்டி ஆல்கஹால் சேர்த்தால் சர்க்கரை வெள்ளையாகத் திரண்டு பிரியும். நிமோகாக்கஸில் சுமார் 100 வகை. புனே சீரம் நிறுவனத்தின் ஊசியில் 10 வகைகளின் உறைச் சர்க்கரை இருக்கிறது. பத்தையும் தனித்தனியாக வளர்த்துச் சுத்தம் செய்தாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு ஒரு டோஸில் சேர்வது வகைக்கு 2 மைக்ரோகிராம்தான், ஒன்று மட்டும் 4.

இன்னொரு சிக்கல், இரண்டு வயதுக்குக் கீழே வெறும் சர்க்கரையைக் கொடுத்தால் உடம்பு சரியாகக் கண்டுகொள்ளாது. அதனால் தொண்டை அடைப்பான் நச்சின் தீங்கற்ற வடிவமான ஒரு புரதத்தோடு அதைப் பிணைக்கிறார்கள். குழந்தையின் உடம்பு அப்போதுதான் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிணைக்காத சர்க்கரை ஊசியும் உண்டு, 23 வகை கொண்டது. அது கைக்குழந்தைகளுக்கு இல்லை.

உயிர் இல்லையே என்று இதை வெளியில் வைக்க முடியாது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனாலும் வீண். அதைச் சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் 14-ஆவது வாரத்து ஊசியையும் 9-ஆம் மாதத்து ஊசியையும் தவறவிடாமல் போட்டுவிடுங்கள்.