சாக்லேட் செய்கிற பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டீர்களே, அண்ணாச்சி

அண்ணாச்சி, கடையில் ஆள் நிற்கும்போது போனில் பேசியதால் உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை லீவு முழுக்க அடுப்படியே கதி என்று சாக்லேட் கிண்டுகிறாள், பிளஸ் ஒன்னில் கணக்கே வேண்டாம், பிறகு கேட்டரிங் போகிறேன் என்கிறாள், நான் என்ன செய்ய என்று கேட்டீர்கள். அவள் கிண்டட்டும், தடுக்காதீர்கள். ஆனால் கணக்கை மட்டும் விட விடாதீர்கள்.

அவளிடமும் பேசினேன். முதல் தடவை கொக்கோ பவுடர், சர்க்கரையோடு பாலைக் கொஞ்சம் ஊற்றியிருக்கிறாள், எல்லாம் கட்டிகட்டியாக இறுகிவிட்டது. அடுத்த தடவை பாலை விட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய் சேர்த்திருக்கிறாள். பிரிட்ஜில் இருந்தவரை நன்றாக இருந்ததாம், உங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பதற்குள் கையில் வழிந்துவிட்டதாம். சொல்லிவிட்டு, "ஏன் சார் அப்படி ஆச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம் என்கிறேன்.

சாக்லேட்டில் தண்ணீர் என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. கொக்கோக் கொட்டையின் கொழுப்பான கொக்கோ வெண்ணெய்க்குள் சர்க்கரைத் தூளும் கொக்கோத் தூளும் கலந்து நிற்கின்றன, அவ்வளவுதான். பாலில் இருக்கிற ஈரம் பட்டதும் சர்க்கரை நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, அதனால் இறுகியது. தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், அது நம் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. பாளையங்கோட்டை மே மாத வெயிலில் அதுவே தாங்காது, தேங்காய் எண்ணெய் எங்கே தாங்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும். அதில் ஒரு விதமாக உறைந்தால்தான் பளபளப்பும், படக்கென்று ஒடிகிற பக்குவமும் கிடைக்கும். டார்க் சாக்லேட் என்றால் 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28க்கு இறக்கி, திரும்ப 31, 32க்கு ஏற்றி அச்சில் ஊற்ற வேண்டும். கடலை மிட்டாய்க்குப் பாகு எடுக்கிறவர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிறார் இல்லையா, அதே பதம்தான் இதுவும். ஆனால் இங்கே ஒன்றிரண்டு டிகிரி தப்பினாலே கெட்டுவிடும் என்பதால் கையை நம்ப முடியாது, தெர்மாமீட்டர் வேண்டும். வீட்டில் செய்தது நாக்கில் நறநறப்பதற்குக் காரணம், மிக்ஸி அவ்வளவு நைசாக அரைக்காது. சர்க்கரைத் துகள் 30 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) மேல் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். கொக்கோக் கொட்டையிலிருந்தே செய்கிறவர்கள் ஒரு நாளுக்கு மேல் கல்லில் அரைக்கிறார்கள், உலகம் முழுக்கச் சின்னச் சின்ன சாக்லேட்காரர்கள் அதற்கு வைத்திருக்கிற இயந்திரம் நம் வெட் கிரைண்டரை மாற்றிச் செய்ததுதான். (வீட்டு மாவு கிரைண்டரில் போட விடாதீர்கள். ஈரமும் மாவு வாசமும் போகாது, அத்தனை மணி நேரம் மோட்டாரும் தாங்காது.)

இதெல்லாம் பாடமாகவே இருக்கிறது, அண்ணாச்சி, பேர் உணவுத் தொழில்நுட்பம். தஞ்சாவூரில் இதற்கென்றே மத்திய அரசின் நிஃப்டெம் என்கிற கல்வி நிறுவனம் இருக்கிறது, நாலு வருஷ பி.டெக், ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில்தான் இடம், கணக்கு இல்லாமல் உள்ளே போக முடியாது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் இந்த பி.டெக் உண்டு. மேலே படிக்க மைசூரில் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்கிற மத்திய உணவு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பிஸ்கட், பால், மசாலா கம்பெனிகளில் தரக் கட்டுப்பாட்டு வேலை உண்டு, அரசின் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கும் இந்தப் பட்டம் தகுதி. கேட்டரிங்கை நான் குறைவாகச் சொல்லவில்லை. அதற்குப் பிளஸ் டூவில் எந்த குரூப் படித்தவர்களும் போகலாம், பயோ மேத்ஸ் எடுத்துவிட்டு அப்புறம்கூட மனசு மாறிப் போகலாம். கணக்கை விட்டவளால் நிஃப்டெம் பக்கம் திரும்பி வர முடியாது. சில வருஷம் முன்னால் கேக் ஆசையில் கணக்கை விட்ட ஒரு பையன், பிளஸ் டூ முடித்த பிறகு உணவுத் தொழில்நுட்பம் வேண்டும் என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தான். முதலிலேயே நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், அது இன்னும் உறுத்துகிறது.

விற்கிற பேச்சு இப்போது வேண்டாம், பதினைந்து வயசுதான் ஆகிறது. விற்பதென்றால் முதல் துண்டுக்கு முன்னாலேயே உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வீட்டுத் தயாரிப்பு என்று நிறையப் பேர் விற்பது வேறு கொழுப்பில் செய்த காம்பவுண்ட் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றியது, அதற்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். பதினெட்டு வயசு ஆனதும் பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்களுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீத மானியத்தோடு வங்கிக் கடன் கேட்கலாம், விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள்.

இப்போதைக்கு ஒரு தெர்மாமீட்டர், கால் கிலோ கொக்கோ வெண்ணெய், ஒரு நோட்டு, இவ்வளவும் வாங்கிக் கொடுங்கள். ஒரே அளவில் ஐந்து தடவை செய்யட்டும், எடை, சூடு, நேரம் எல்லாம் எழுதட்டும். உடன்குடிக் கருப்பட்டி போட்டுப் பார்க்கணும் என்றாள், நல்ல யோசனை, ஆனால் கருப்பட்டியில் ஈரம் உண்டு, அதை எப்படி எடுப்பாள் என்று நீங்கள் சொல்லித் தராதீர்கள், அவளே முட்டி மோதிப் பார்க்கட்டும். ஐந்தாவது தடவையும் "ஏன்" என்று கேட்டால் அவள் தஞ்சாவூருக்குப் போகிற பிள்ளை.

பள்ளிக்கூடத்தில் குரூப் கேட்கும்போது பயோ மேத்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.