ஃபார்மட் போடும் முன் ஒரு போட்டோ எடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கம்ப்யூட்டர்

கேள்வி: திசையன்விளையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. பழைய டெஸ்க்டாப், லினக்ஸ் வகையான உபுண்டு போட்டு ஓட்டுகிறேன். ஒரு மாதமாக, வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்துபோகிறது. கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு மின்னி மின்னி அணைகிறது. சில நாள் ஆன் செய்ததுமே கறுப்புத் திரையில் ‘கெர்னல் பேனிக் – நாட் சின்க்கிங்’ என்று வந்து நின்றுவிடுகிறது. ஒருவர் ஃபார்மட் போட்டுத் தந்தார். நாலே நாளில் மறுபடி அதேதான். இப்போது மதர்போர்டு போய்விட்டது என்கிறார். புதிதாக வாங்கிவிடவா?

பதில்: பொறுங்கள், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஃபார்மட் போட்டு எல்லாம் புதிதாக ஏற்றிய பிறகும் நாலு நாளில் திரும்பி வருகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் சாஃப்ட்வேரில் இல்லை. அந்த ஃபார்மட்டால் உங்களுக்கு இந்த ஒரு தகவல் மட்டும் கிடைத்திருக்கிறது.

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்பருப்பு. மெமரி, டிஸ்க், கீபோர்டு என்று எதுவானாலும் யாருக்கு எப்போது எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது அதுதான். நம் குளத்து மடை பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கரை எங்கோ கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் அவர் தண்ணீரைத் தொடர்ந்து விடமாட்டார், மடையை அடைத்துவிடுவார். கெர்னலும் அதையே செய்கிறது. தன் கணக்கே தப்பாக இருக்கிறது என்று தெரிந்ததும் நின்றுவிடும். இதைத்தான் கெர்னல் பேனிக் என்கிறார்கள். ‘நாட் சின்க்கிங்’ என்ற சொல்லுக்கும் அதுதான் பொருள்: மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதப்போவதில்லை என்கிறது. கெட்டுப்போன மெமரியை நம்பி எழுதினால் டிஸ்க்கில் இருக்கும் நல்ல ஃபைலும் பாழாகும். ஆக, பேனிக் வந்ததும் உங்கள் ஃபைல்கள் போய்விட்டன என்று நினைக்காதீர்கள். அவற்றைக் காப்பாற்றத்தான் அது நின்றிருக்கிறது.

டிஸ்க்கில் எழுதாமல் நிற்பதால், என்ன கோளாறு என்ற குறிப்பும் பல நேரம் பதிவாகாமல் போகும். எனவே எழுத்து வரும் நாளில் முதல் வேலை, செல்போனில் திரையைப் போட்டோ எடுப்பது. இரண்டு மூன்று தடவை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒவ்வொரு தடவையும் செய்தி வேறு வேறாக இருந்தால் சந்தேகம் ராம் மேல், அதாவது மெமரிப் பட்டை மேல். ஒரே செய்தி, ஒரே டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் சாஃப்ட்வேர்) பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவர் அல்லது அது நடத்தும் பாகம். ‘ஃபேட்டல் மெஷின் செக்’ என்று இருந்தால் ப்ராசஸரே ஹார்டுவேர் கோளாறு என்று புகார் சொல்கிறது. சூடு, பவர் சப்ளை, போர்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எழுத்தே இல்லாமல் பொத்தென்று அணைந்தால் அது பேனிக்கே இல்லை, பவர் சப்ளையையும் சூட்டையும் பாருங்கள்.

கேப்ஸ் லாக் மின்னுகிறது என்று எழுதியதற்கு நன்றி. உங்களுடையது உருண்டை பின் வைத்த பழைய கீபோர்டாகத்தான் இருக்கும். பேனிக் ஆனால் லினக்ஸ் அந்த விளக்கை மின்ன வைக்கும். யுஎஸ்பி கீபோர்டில் அது நடக்காது. அதனால் உறைந்து நிற்பதும் பேனிக்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். டெஸ்க்டாப் படம் திரையை மறைத்துக்கொண்டிருப்பதால் எழுத்து தெரியவில்லை, அவ்வளவுதான். 2024-ல் வந்த 6.10 கெர்னலிலிருந்து, படத்துக்கு மேலேயே செய்தியைக் காட்டும் வசதி சேர்ந்திருக்கிறது. உங்கள் பழைய மெஷினில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் இருப்பது உவரி பக்கம். உப்புக் காற்று படும் ஊர்களிலிருந்து என் கடைக்கு வரும் மெஷின்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது ராம் தான். ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்துங்கள். மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். கேபினட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் ராம் மேலே எழும்பும். ஓரத்தைப் பிடித்து நேராக எடுங்கள். கீழே தங்க நிறப் பல்வரிசை இருக்கும். நல்ல ராமில் அது பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கி வைத்த மாதிரி இருக்கும். உப்புக் காற்று பட்டதில் நடுவில் நாலைந்து பல் மட்டும் கறுத்து மங்கியிருக்கும். பென்சில் அழிக்கும் மெத்தென்ற வெள்ளை ரப்பரால், மேலிருந்து கீழாக ஒரே பக்கமாக, அழுத்தாமல் தேயுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொர ரப்பர் வேண்டவே வேண்டாம், பூச்சையே உரித்துவிடும். துகளைப் பிரஷால் தட்டிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு இழுப்பு. விரல் படாமல், வெட்டுக்குறி பொருந்துகிறதா என்று பார்த்து, ‘டிக்’ என்று கேட்கும்வரை திரும்பப் பொருத்துங்கள்.

அதற்கப்புறமும் வந்தால், மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனையைப் பென்டிரைவில் ஏற்றி, கடையை மூடும்போது ஓடவிட்டுப் போங்கள். காலையில் சிவப்பு வரி ஒன்றே ஒன்று இருந்தாலும் கோளாறு அங்கேதான். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். ராம் ஒன்று மாற்றினால் முடிகிற வேலைக்கு மதர்போர்டு வாங்கிவிடக் கூடாது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் கடை ஆரம்பித்த புதிதில் ஊர்ப் பெரியவர் ஒருவர் இதே கோளாறோடு ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். எதையும் படிக்காமல் ஃபார்மட் போட்டேன். அவர்கள் ஊர்க் கோயில் கொடைக் கணக்கு, வரிதாரர் பட்டியல், பதினோரு வருஷத்துக்கானது அதில் இருந்தது. வேறு எங்கும் பிரதி இல்லை. அடுத்த வாரம் பேனிக் திரும்ப வந்தது. ராம் தான் கோளாறு. அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “சரி தம்பி, மறுபடி எழுதிக்கிடுதோம்” என்றார். அதற்கப்புறம் டிஸ்க்கைப் பிரதி எடுக்காமல் எந்த மெஷினையும் நான் ஃபார்மட் செய்ததில்லை.

கேள்வி: கெர்னல் பேனிக் வைரஸால் வருமா? (கடையநல்லூர் வாசகர்)

பதில்: வரலாம், ஆனால் மிக அபூர்வம். ராம், டிஸ்க், டிரைவர், அரைகுறை அப்டேட் என்று பார்த்து முடித்த பிறகு அதை யோசித்தால் போதும். விண்டோஸில் வரும் நீலத் திரையும் இதே இனம்தான்; அதில் ‘ஸ்டாப் கோட்’ என்று இருக்கும் பிழைக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். என் லேப்டாப் பேட்டரி செத்துப்போனது, கரண்டில்தான் ஓடும். உபுண்டு அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது ‘அன்ஏபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்’ என்று சொல்லி கெர்னல் பேனிக்கில் நிற்கிறது. ப்ராஜெக்ட் முழுக்க உள்ளே இருக்கிறது அண்ணா.

பதில்: ப்ராஜெக்ட் பத்திரமாக இருக்கும் தங்கச்சி, பயப்படாதீர்கள். டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்களை ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சின்ன மூட்டையாகக் கட்டி கெர்னலிடம் கொடுப்பார்கள். புது கெர்னலுக்கு அந்த மூட்டை கட்டி முடியும் முன் கரண்ட் போயிருக்கிறது. சாவி பூட்டின வீட்டுக்குள்ளேயே இருக்கிற நிலைமை.

பழைய கெர்னல் இன்னும் அங்கேயே இருக்கும். ஆன் செய்ததும் எஸ்கேப் பட்டனை ஓரிரு தடவை தட்டுங்கள்; பழைய மாடலானால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வரும். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய், எண் குறைவான கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். திறந்ததும் முதலில் ப்ராஜெக்டைப் பென்டிரைவில் பிரதி எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அப்புறம் கெர்னல்கள் இருக்கும் பூட் பகுதியில் இடம் இருக்கிறதா பாருங்கள். பழைய கெர்னல்கள் குவிந்து அது நிரம்பினாலும் இதே பேனிக் வரும். நிரம்பியிருந்தால், இப்போது ஓடும் கெர்னலை விட்டுவிட்டு மிகப் பழையவற்றை நீக்குங்கள். பிறகு, பாதியில் நின்ற நிறுவலை முடித்துவைக்கும் டிபிகேஜி கன்ஃபிகர் கட்டளை, அடுத்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், கடைசியாக அப்டேட்-கிரப். ஒரு புது பேட்டரி வாங்கும்வரை அடுத்த அப்டேட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: பணகுடி பக்கம் தோட்டத்தில் கேமராவுக்காக ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு நாள் பேனிக் ஆகி நின்றுவிடுகிறது. பட்டனைத் தட்ட எட்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது.

பதில்: பேனிக் ஆனால் அப்படியே நிற்பதுதான் லினக்ஸின் வழக்கமான அமைப்பு. கெர்னலின் நடத்தையை மாற்ற உதவும் சிஸ்கன்ட்ரோல் (sysctl) அமைப்பில் ‘கெர்னல்.பேனிக்’ என்ற மதிப்பு 0 ஆக இருக்கும். அதை 10 ஆக்கினால், பத்து விநாடி பொறுத்துத் தானே ரீஸ்டார்ட் ஆகும். நிற்கும்போது வந்த கடைசி வரிகளைப் பல பெட்டிகள் பிஸ்டோர் என்ற இடத்தில் சேமிக்கும், அடுத்த தடவை தோட்டத்துக்குப் போகும்போது அதைப் பாருங்கள். அதற்கு முன், டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் சோதனையில் டிஸ்க் நலமா என்று பார்த்துவிடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் இந்த அமைப்பைப் போட்டால், ராத்திரி முழுக்க நின்று நின்று எழுந்து, மிச்சம் இருக்கும் பதிவையும் அதுவே அழித்துவிடும்.