ஒரே காரில் நால்வர்: நிறுவனத்துக்கு என்ன செலவு, என்ன இலாபம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நுவரெலியா நகரில் இயங்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்களிடம் 60 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் 18 பேர் சொந்தக் காரில் வருகிறார்கள். பெரும்பாலானோர் தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்திலிருந்து தனியாகவே ஓட்டி வருகிறார்கள். ஒரே திசையில் வருபவர்கள் ஒரு காரில் சேர்ந்து வரும் ஏற்பாட்டை நிறுவனமே முன்னின்று நடத்தலாம் என்று யோசனை சொன்னேன். "பெற்றோல் மிச்சமாவது அவர்களுக்கு, நமக்கு என்ன கிடைக்கும்? வீண் பொறுப்பு எதற்கு?" என்று பணிப்பாளர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– நிர்வாக அதிகாரி, நுவரெலியா

பதில்: பணிப்பாளர் சொல்வதில் பாதி சரி. பெற்றோல் மிச்சம் ஊழியருக்கே போகிறது. ஒரு வழிக்கு 25 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், மாதத்தில் 22 வேலை நாட்களுக்கு 1,100 கிலோமீற்றர் ஓட வேண்டும். ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்த நமது பாதைகளில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று கணக்கிட்டால் 110 லீற்றர் செலவாகும். கணக்கு எளிதாக இருக்க லீற்றர் 300 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், தனியாக வருபவருக்கு 33,000 ரூபாயும், நால்வராகப் பகிர்ந்தால் தலைக்கு 8,250 ரூபாயும் ஆகும். சம்பளத்தை ஒரு சதமும் கூட்டாமல் ஊழியரின் கையில் இவ்வளவு பணம் நிற்க வழிசெய்யும் நிறுவனத்தை விட்டு அவர் எளிதில் வெளியேற மாட்டார். பழகிய ஒருவர் விலகினால், புதியவரைத் தேடிப் பயிற்றுவிக்க எத்தனை மாதம் பிடிக்கிறது என்பது நிர்வாகப் பிரிவில் இருக்கும் உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். பணிப்பாளரிடம் முதலில் வைக்க வேண்டிய கணக்கு இதுதான்.

அடுத்தது வாகனத் தரிப்பிடம். 18 பேரில் 9 பேர் மட்டும் மூவர் மூவராகச் சேர்ந்தாலும் 6 கார்களின் இடம் மிஞ்சும். தரிப்பிடத்துக்கு வாடகை கொடுக்கும் நிறுவனமாக இருந்தால் அது நேரடியான வரவு. சொந்தக் காணியாக இருந்தாலும், ஏப்ரல் வசந்த காலத்தில் நகரெங்கும் வாகனங்கள் நெருக்கியடிக்கும் நாட்களில் வாடிக்கையாளருக்கு ஓரிடம் ஒதுக்கித் தர முடிவது சிறிய காரியமல்ல.

2022ஆம் ஆண்டையும் அவருக்கு நினைவூட்டுங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டால் அந்த ஆண்டு ஜூலையில் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் ஒதுக்கப்பட்டது. மேலே சொன்ன தூரத்தை ஐந்து நாட்கள் ஓடுவதற்கு 25 லீற்றர் வேண்டும். அதாவது தனியாக வருபவர் வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஆனால் நான்கு கார்க்காரர்கள் முறைவைத்துத் தங்கள் கார்களை எடுத்திருந்தால், நால்வருக்கும் சேர்த்து 80 லீற்றர் இருந்திருக்கும், செலவோ 25 லீற்றர்தான். 2023 செப்டெம்பரில் அந்த முறை நீக்கப்பட்டுவிட்டது என்பதற்காக அது கற்றுத்தந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. நெருக்கடி வந்த பிறகு யார் யாரோடு வருவது என்று பட்டியல் போட்டால் ஒழுங்காக அமையாது; முன்பே பழகியிருக்க வேண்டும்.

இனிப் பொறுப்பைப் பற்றிப் பேசுவோம். இதில்தான் பணிப்பாளரின் எண்ணம் திருத்தப்பட வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, வேலைக்கு வரும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் அதன் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே ஊழியர் தனியாக வந்தாலும், பஸ்ஸில் வந்தாலும், பிறர் காரில் வந்தாலும் அந்தப் பயணம் நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத ஒன்று அல்ல. கார் பகிர்வை நடத்தாமல் விடுவதால் பொறுப்பு நீங்குவதில்லை. பாதுகாப்பாக வரச்செய்யும் வாய்ப்பு மட்டுமே கைநழுவுகிறது. அதே வேளையில் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: நான்கு ஊழியர்கள் ஒரே காரில் இருக்கும்போது ஒரு விபத்து நால்வரையும் பாதிக்கும். 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டிஎல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் கண்ணால் கண்டவர்கள். எனவே யார் ஓட்டுகிறார், எத்தனை ஆண்டு அனுபவம், டயரும் பிரேக்கும் எப்படி இருக்கின்றன, எல்லா இருக்கைகளிலும் பட்டி இருக்கிறதா என்பதையெல்லாம் நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். கடும் மழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு வரும் வழிக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் அன்று கார் புறப்படக்கூடாது, அதற்காக எவருடைய விடுமுறையும் கழிக்கப்படக்கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

செலவு எங்கே வரும்? ஒருவர் வாரத்தில் சில மணி நேரம் இதற்கென ஒதுக்கிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதைச் சம்பளமில்லாத மேலதிக வேலையாக எவர் தலையிலும் கட்டாதீர்கள். ஒரு கார் பழுதானால் அன்று நால்வரும் தாமதம், அதுவும் செலவுதான். ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது, திடீரென வீடு திரும்ப வேண்டியவருக்கான ஏற்பாடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாடசாலையிலிருந்து அழைப்பு வருகிறது. கார்க்காரருக்கோ மாலை வரை வேலை. அப்போது நிறுவனம் தன் செலவில் ஓட்டோ பிடித்து அனுப்பும் என்ற உறுதி இல்லாவிட்டால், இரண்டாம் மாதமே ஆளுக்கொரு காரில் வரத் தொடங்கிவிடுவார்கள். இந்த உறுதியை ஒருவர் வருடத்தில் ஓரிரு தடவைக்கு மேல் பயன்படுத்த நேராது என்பதால் செலவு பெரிதாக இராது. தயங்காமல் கொடுங்கள்.

முதலிலேயே வேன் வாங்கலாமா என்றும் பணிப்பாளர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் 3எம் நிறுவனம் 1973இல் தன் ஊழியருக்காக வேன்களை வாங்கி, ஊழியர் ஒருவரையே சாரதியாக்கி, மற்றவர்களிடம் கட்டணம் பெற்று நடத்தியது. பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. ஆயினும் வேனுக்கு லீசிங், காப்புறுதி, பராமரிப்பு ஆகியவை இருக்கைகள் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். இருக்கும் கார்களைக் கொண்டு ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். ஒரே வழியில் பத்துப் பேருக்கு மேல் நிலையாகச் சேர்ந்தால் அப்போது வேனைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: நான் தோட்டத்தில் பெற்றோருடன் வசித்துக்கொண்டு நகரில் ஒரு காரியாலயத்தில் கணக்கு எழுதுகிறேன். அங்கும் இப்படியொரு ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. கார் லயத்துப் பக்கம் வராது. சந்திவரை அரை மணி நேரம் நடக்க வேண்டும். காரில் வரும் மற்ற மூவரும் ஆண்கள் என்பதால் வீட்டில் தயங்குகிறார்கள். மறுத்தால் ஒத்துழைக்காதவள் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கொட்டகலை

பதில்: மறுப்பது உங்கள் உரிமை, தங்கையே. விருப்பமுள்ளவர்கள் மட்டுமே சேரும் ஏற்பாடாக இல்லாவிட்டால் அது சலுகையாகாது, கட்டளையாகிவிடும். யாரோடு வருவது என்பதைத் தெரிவு செய்யும் வசதியையும், காரணம் சொல்லாமலே விலகும் வசதியையும் காரியாலயம் தர வேண்டும். அதே வழியில் வரும் இன்னொரு பெண் ஊழியரோடு சேர்த்து ஒரே காரில் இடம் தரும்படி கேளுங்கள். காரின் இலக்கத்தையும் ஓட்டுபவரின் தொலைபேசி எண்ணையும் உங்கள் அப்பாவிடம் காரியாலயமே கொடுத்துவைக்கலாம்.

சந்திவரை நடக்கும் அரை மணி நேரத்தைப் பற்றி நிர்வாகங்கள் அதிகம் யோசிப்பதில்லை, அது எனக்கு மிகுந்த வருத்தம். விடியற்காலைப் பனிமூட்டத்தில் தனியே நிற்பது எப்படியிருக்கும் என்பது கார் வைத்திருப்பவருக்குத் தெரியாது. கடையோ கோயிலோ இருக்கும், விளக்கு எரியும் ஓரிடத்தை ஏறுமிடமாக வைக்கச் சொல்லுங்கள். தரிப்பிடச் செலவில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, தோட்டத்திலிருந்து சந்திவரை வரும் ஓட்டோவுக்குக் கொடுக்கும்படியும் கேட்கலாம். இந்த ஏற்பாட்டால் கார் உள்ளவருக்குப் பணம் மிச்சமாகும்போது, கார் இல்லாதவருக்கு வெறும் இருக்கை மட்டும் கிடைப்பது நீதியல்ல.

கேள்வி: என் காரில் சக ஊழியர் மூவரை ஏற்றி வருகிறேன். அவர்களிடம் பணம் வாங்கினால் காப்புறுதிக்குச் சிக்கல் வருமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வரலாம். தனியார் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த காரில் கூலிக்கு ஆள் ஏற்றினால், விபத்தின்போது கோரிக்கை நிராகரிக்கப்பட இடமுண்டு. எரிபொருள் செலவை நால்வராகப் பகிர்வது வேறு, அதற்கு மேல் இலாபம் வைப்பது வேறு. இலாபம் வைக்காதீர்கள். செலவைப் பகிர்வதானாலும், உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு விபரத்தை எழுதி, சம்மதத்தைக் கடிதமாகவே பெற்று, அதன் பிரதியொன்றை உங்கள் காரியாலயத்திலும் கொடுத்துவிட்டு அடுத்த பயணத்தைத் தொடங்குங்கள்.