கோழிக்கெல்லாம் கேசா?

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. தெருமுனையில பிராய்லர் பண்ணை, விடியகாலைல டூவீலர்ல கோழிங்கள கால கட்டி ரெண்டு பக்கமும் தலைகீழா தொங்கவிட்டு எடுத்துனு போறாங்க, வெயில்ல செத்தத மூட்டை கட்டி ஏரிக்கரைல வீசிடறாங்க, ஸ்டேஷன்ல போய் சொன்னா "கோழிக்கெல்லாம் கேசாப்பா"னு சிரிக்கறாங்க, இதுக்கு சட்டம் இருக்கா இல்லியா சார்னு.

இருக்கு தம்பி. 1960 மிருகவதை தடுப்புச் சட்டத்துல மனுஷன தவிர்த்து உயிருள்ளது எல்லாமே மிருகம்தான், கோழியும் சேர்த்தி. கறிக்கு அறுக்கறது தப்பில்ல, ஆனா தேவையில்லாம வலிக்கற மாதிரி வண்டில எடுத்துனு போனா, திரும்பக்கூட இடமில்லாத கூண்டுல அடைச்சா 11வது பிரிவுல குத்தம். தண்டனைய கேட்டா நீங்களே சிரிப்பீங்க, முதல் தடவ 10 ரூபால இருந்து 50 ரூபா வரைக்கும் ஃபைன், அந்த காசுக்கு ஆம்பூர்ல அரை பிளேட் பிரியாணி வருமா? மூணு வருஷத்துக்குள்ள திரும்ப செஞ்சா 25 ரூபால இருந்து 100 ரூபா வரைக்கும் ஃபைன், இல்லனா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட குடுக்கலாம்.

போலீஸ் சிரிச்சது தப்பு, ஆனா எஃப்ஐஆர் போடலன்னு அவங்கள திட்டவும் முடியாது. இது மேஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம அவங்களா விசாரிக்கக் கூடாத வகை குத்தம். ஆனா நீங்க சொன்னத எழுதிக்கினு மேஜிஸ்ட்ரேட்கிட்ட போங்கன்னு அனுப்பணும், பிஎன்எஸ்எஸ்னு சொல்ற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 174வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. நடந்து மூணு மாசத்துக்குள்ள வழக்கு போடணும், அப்புறம் செல்லாது, அதனால தேதி, வண்டி நம்பரோட போட்டோ எடுத்து வைங்க.

சில பேர் பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த தண்டனைச் சட்டம்) 325 போடுங்க, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சொல்லுவாங்க. அது அடுத்தவன் மாட்ட வெட்டறது, விஷம் வைக்கறது மாதிரி ஆளுங்களுக்கு, சொந்த கோழிய வதைக்கறவன் மேல நிக்கறது கஷ்டம்.

எனக்கு கேட்டா உங்க கைல இருக்கற பெரிய ஆயுதம் அந்த ஏரிக்கரை மூட்டைதான். நாத்தம், ஈ, ஏரித் தண்ணி கெடறது எல்லாம் பொதுத் தொல்லை, ஊர்க்காரங்க பத்து பேர் கையெழுத்து போட்டு பிஎன்எஸ்எஸ் 152ல குடியாத்தம் ஆர்டிஓகிட்ட (வண்டி ஆர்டிஓ இல்ல, வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுங்க, பழைய சிஆர்பிசி 133தான் அது. அள்ளு, இல்ல ஏன் அள்ளலன்னு வந்து சொல்லுன்னு பண்ணைக்காரருக்கு உத்தரவு வரும், 50 ரூபா ஃபைனுக்கு அசையாதவரு இதுக்கு அசைவாரு. ஒரு காப்பி திங்கட்கிழமை சத்துவாச்சாரில கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு கூட்டத்துல குடுத்து ரசீது வாங்கிடுங்க.

இன்னொண்ணு, ஆதாரம் வேணும்னு பண்ணைக்குள்ள மட்டும் ஏறிக் குதிச்சிடாதீங்க. அத்துமீறி உள்ள வந்தாருன்னு அவரு உங்க மேல குடுக்கற கம்ப்ளெய்ன்ட்டுக்கு அதே ஸ்டேஷன்ல உடனே எஃப்ஐஆர் போடலாம்.