பெட்டியடியில் ஓர் ஆறாவது ஆள்

அண்ணே, வணக்கம்.

ஜூனியர் பிரிட்ஜ்மேன் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதியிருந்தீர்கள். கூடைப்பந்து ஆடிவிட்டு அப்புறம் வியாபாரத்தில் பெரிய ஆள் ஆனவர் என்று. எங்கள் அப்பச்சி (அப்பா) அதை எனக்கு அனுப்பி, கீழே 'பார்த்துக்கோ' என்று ஒரே வார்த்தை போட்டிருந்தார்கள். நான் மாநில அளவில் ஆடியவன். போன வருஷம் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது எங்கள் ஹார்டுவேர் கடையில் ஒரு மாதமாகக் குடோனில் கீலும் தாழ்ப்பாளும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் ஆடினால் பணம் கொட்டும், கொட்டிய பணத்தில் யாரும் முதலாளி ஆகலாம். எங்களுக்கு எதற்கு அண்ணே அந்தக் கதை?

பெயர் வேண்டாம், காரைக்குடி

*

அன்புள்ள தம்பி,

கோபம் நியாயம்தான். அந்த நாலு வரியை நான் அரைகுறையாக எழுதியதும் ஒரு காரணம். 'ஆட்டக்காரர் முதலாளி ஆனார்' என்று எழுதினால் நடுவில் இருக்கிற பன்னிரண்டு வருஷம் காணாமல் போய்விடுகிறது.

முதலில் பணம் கொட்டியது என்கிற பேச்சு. பிரிட்ஜ்மேன் இந்தியானா மாநிலத்தில் ஈஸ்ட் சிகாகோ என்ற எஃகு ஆலை ஊரில் 1953-இல் பிறந்தவர், அப்பா ஆலைத் தொழிலாளி. 1975-இல் லேக்கர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது, ஆனால் அந்தச் சட்டையைப் போடுவதற்குள்ளேயே நட்சத்திர ஆட்டக்காரர் கரீம் அப்துல் ஜப்பாரை வாங்குவதற்காக மில்வாக்கி பக்ஸ் அணிக்குக் கொடுத்த நாலு பேரில் ஒருவராக இவரையும் தள்ளிவிட்டார்கள். மொத்தம் 12 சீசன் ஆடினார். எந்த ஆண்டிலும் சம்பளம் 3,50,000 டாலரைத் தாண்டியதில்லை என்பார்கள். சின்னத் தொகை இல்லை, சரி. ஆனால் அதைவிட எத்தனையோ மடங்கு வாங்கி, ஆட்டம் முடிந்த சில வருஷத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றவர்கள் அந்த ஊரில் ஏராளம்.

அவர் பெரும்பாலும் ஆறாவது ஆள். நீங்கள் ஆடியவர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்டம் தொடங்கும்போது ஐந்து பேர் இறங்குவார்கள், இவர் பெஞ்சில் இருந்து யாருக்கு மூச்சு வாங்குகிறது, எதிரணியில் எவன் இடதுபக்கம் திணறுகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அப்புறம் இறங்குவார். அப்படி இறங்கியும் ஆட்டத்துக்குச் சராசரி 13.6 புள்ளி. அவருடைய 2-ஆம் எண் சட்டையை மில்வாக்கியில் இனி யாரும் போடக்கூடாது என்று ஒதுக்கியே வைத்துவிட்டார்கள்.

சீசன் இல்லாத மாதங்களில் மனுஷன் என்ன செய்தார் என்பதுதான் நான் விட்டுவிட்ட விஷயம். வெண்டிஸ் என்ற பர்கர் கடையில் வேலை கற்றார். ஆர்டர் எடுப்பது, அடுப்படி, எல்லாம். டிக்கெட் வாங்கி அவர் ஆட்டத்தைப் பார்த்தவனே கவுண்டரில் வந்து நின்று 'நீங்களா!' என்று கேட்டிருப்பான். 1987-இல் ஓய்வு பெற்றபின் கையில் சில கடைகளோடு தொடங்கி, வெண்டிஸும் சில்லீஸ் உணவகங்களுமாக 200-ஐத் தாண்டிவிட்டார். அப்புறம் அவற்றை விற்றுவிட்டு 2017-இல் கோக கோலா பாட்டில் நிரப்பும் தொழிலுக்குப் போனார். 2020-இல் திவாலான எபனி பத்திரிகையை வாங்கினார். 2024-இல், தான் பெஞ்சில் உட்கார்ந்த அதே பக்ஸ் அணியில் 10 சதவீதப் பங்கு. அடுத்த மார்ச்சில், 71 வயதில் இறந்துபோனார்.

இதில் எனக்குப் பிடித்தது கடைசி வரிகள் இல்லை, அந்தக் கவுண்டர். ஏனென்றால் அது நம்ம ஊர்க் கதை, தம்பி. எங்கள் ஐயா பதினாலு வயதில் பர்மாவுக்குப் போனது 'பெட்டியடிப் பையனாக'. பெட்டியடியில், அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில், உட்கார்ந்து வட்டிக்கடை நடத்தும் ஏஜெண்டுக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது, கடையைக் கூட்டுவது, ராத்திரி விளக்கில் பேரேட்டைப் பார்த்து நகல் எழுதுவது. மை சொட்டிவிட்டால் விரல் கணுவில் அடி. வலது கையின் நடுவிரலை எங்களிடம் காட்டி, "இது மாகாணிக்கு வாங்கினது" என்பார்கள், ஏதோ பதக்கம் மாதிரி (மாகாணி என்றால் பழைய கணக்கில் பதினாறில் ஒரு பங்கு). அவர்களுக்கு அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலைக்கு, உயரவே ஆறு வருஷம் ஆனது. வீட்டில் கார் நிற்கிற பிள்ளையாக இருந்தாலும் வேறொருத்தர் விலாசத்தில் (நிறுவனப் பேரில்), வேறொருத்தர் கடையில்தான் முதலில் வேலைக்கு விடுவார்கள். சொந்தக் கடையில் யாரும் அடிக்கமாட்டார்கள் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரிட்ஜ்மேன் செய்ததும் ஏறக்குறைய அதுதான். அவர் நடத்தியது ஃபிரான்சைஸ் கடைகள். ஃபிரான்சைஸ் என்றால் பலகையில் பேர் கம்பெனிக்காரர்களுடையது, சமையல் முறை அவர்களுடையது, விற்பனையில் ஒரு பங்கு அவர்களுக்கு. உங்கள் கையில் மிஞ்சுவது ஆட்களை வைத்துக்கொள்ளும் விதமும் சரக்கு வீணாகாமல் பார்ப்பதும்தான். நம்ம ஏஜெண்டுகள் முதலாளியின் பணத்தில் நடத்தினார்கள், இவர் தன் பணத்தைப் போட்டார், அந்த வித்தியாசம் உண்டு.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பன்னிரண்டு வருஷச் சம்பளம் இருந்தது, கல்லூரிப் பட்டம் இருந்தது, முழங்காலும் இருந்தது. இங்கே கூடைப்பந்து ஆடுகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ வங்கியோ கிடைத்தால்தான் சோறு. அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள், கூடைப்பந்து அணிக்குப் பேர்போன இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைச் சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கியபோது ஒரே நாளில் திறந்த மூன்று ஊர் சென்னை, ரங்கூன், நம்ம காரைக்குடி. கல்லாவுக்கும் கூடைக்கும் இந்த ஊரில் பழைய உறவுதான்.

அதனால் அப்பச்சி சொன்ன 'பார்த்துக்கோ'வை நான் அப்படியே ஆமோதிக்கவில்லை. முடிந்தால் ஆறு மாதம் வேறு யார் கடையிலாவது, மதுரையிலோ திருச்சியிலோ, சம்பளத்துக்கு நில்லுங்கள். அப்பச்சியிடம் நான் சொன்னேன் என்றே சொல்லலாம், திட்டு எனக்கு வரட்டும். சாயங்காலம் முழங்கால் விடுகிற அளவுக்குப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுங்கள்.

ஒரு மாதமாக எண்ணுகிறேன் என்று எழுதினீர்கள். ஏட்டில் இருக்கிற கணக்குக்கும் குடோனில் இருக்கிற கீலுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.