பாப்பாவுக்குக் காலையில் என்ன கொடுப்பது? மொரீஷியஸிலிருந்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆறு வயதுப் பாப்பாவுக்குச் சீலியாக் என்று, அதாவது கோதுமை, பார்லி, ரை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்கிற புரதம் குடலைக் கெடுக்கிற நோய் என்று, கோயம்புத்தூரில் உறுதி செய்துவிட்டார்கள். எபேனில் வேலை கிடைத்து இப்போதுதான் காத்ர் போர்னில் வீடு பார்த்து வந்திருக்கிறீர்கள். ரவா உப்புமாவும் பூரியும் கேட்டு அவள் அடம் பிடிக்கிறாள். சுற்றிலும் எல்லாரும் காலையில் பிரெட்தான் தின்கிறார்கள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சின்னவனுக்கும் இதே நோய்தான். ரோஸ் ஹில்லில் அவனை வளர்த்து ஆளாக்கிவிட்டோம். உங்கள் பாப்பாவும் நன்றாக வளருவாள், பயப்படாதீர்கள்.

முதலில் பிரெட்டை மறந்துவிடுங்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் குளூட்டன் இல்லாத பிரெட் பாக்கெட்டில் கிடைக்கும். விலை அதிகம், காய்ந்து போய் இருக்கும். பள்ளியில் சுற்றுலா என்று அழைத்துப் போகிற நாளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோதுமைப் பண்டத்தைக் கோதுமை இல்லாமல் அப்படியே செய்து காட்ட முயல்வது வீண் வேலை. மாவை இழுத்துப் பிடிப்பதே குளூட்டன்தான். அதை எடுத்துவிட்டு அதே பரோட்டா வேண்டுமென்றால் எங்கே போவது? நம் பலகாரத்தில் முக்கால்வாசி அரிசியும் உளுந்தும். அங்கிருந்து தொடங்குங்கள்.

ரவா உப்புமாவுக்குப் பதில் அரிசி உப்புமா. ஒரு டம்ளர் பச்சரிசி, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, கொஞ்சம் மிளகு, சீரகம் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ரவை பதத்துக்கு உடைத்துச் சலித்துவிடுங்கள். அடியில் விழும் மாவு கஞ்சிக்கு ஆகும். தேங்காய் எண்ணெயில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்கும்போது குருணையைத் தூவிக் கிளறி, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். இறக்கும்போது ஒரு பிடி தேங்காய்த் துருவல். அடியில் பிடித்த காந்தலுக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும். ரேஷன் அரிசியே இதற்குப் போதும், பாஸ்மதியைப் போட்டு வீணாக்காதீர்கள். மீந்ததை உருட்டி ஆவியில் வைத்தால் உப்புமாக் கொழுக்கட்டை. பள்ளி டப்பாவில் மதியம் வரை மெத்தென்று இருக்கும்.

பூரிதான் கொஞ்சம் கஷ்டம். அரிசி மாவில் வெந்நீர் விட்டு, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டிப் பொரித்தால் ஓரளவு உப்பும். சட்டியிலிருந்து எடுத்ததும் தின்றுவிட வேண்டும், ஆறினால் வறட்டி. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தால் பூரி கேட்டு அழுவாள், அதற்கும் தயாராக இருங்கள். இந்தத் தீவுக்கு வந்துவிட்டு தெருமுனையில் தால் பூரி மணக்கும்போது எந்தக் குழந்தைதான் சும்மா போகும்? உள்ளே மஞ்சள் பட்டாணிப் பருப்பு, வெளியே மைதா. மைதாவை மாற்றி நாங்கள் செய்து பார்த்ததெல்லாம் சரிப்படவில்லை. ஆனால் அதன் ருசியில் பாதி, சுருட்டி வைக்கும் பட்டர் பீன்ஸ் கறியிலும் ருகாய் என்கிற தக்காளிக் குழம்பிலும் மிளகாய்ச் சட்னியிலும்தானே இருக்கிறது! அதையெல்லாம் வீட்டில் செய்து, அதே மஞ்சள் பருப்பையும் அரிசியையும் ஊறவைத்து அரைத்து மெல்லிய அடையாக வார்த்து, இரண்டு அடைக்கு நடுவில் கறியை வைத்துக் காகிதத்தில் சுருட்டிக் கொடுங்கள். காகிதம் முக்கியம். தட்டில் போட்டுக் கொடுத்தால் அது அடை, காகிதத்தில் சுருட்டினால்தான் தால் பூரி.

இங்கே நமக்கு வாய்த்த பெரிய வரம் மரவள்ளிக்கிழங்கு. சந்தையில் மானியோக் என்று கேளுங்கள். உப்புப் போட்டு நன்றாக வேகவைத்து, நடுநரம்பை எடுத்துவிட்டு, தேங்காய்ச் சட்னியோடு கொடுத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. துருவி, ஊறிய அரிசியோடும் வரமிளகாயோடும் அரைத்து அடை வார்த்தால் ஓரம் மொறுமொறுவென்று வரும். மாஎபூர்க்கில் ரோல் குடும்பத்தார் 1870-லிருந்து மரவள்ளி மாவில் பிஸ்கட் சுடுகிறார்கள். ஒருநாள் பாப்பாவை அங்கே கூட்டிப் போங்கள், செய்வதைப் பார்க்கலாம். ஒவ்வொரு சுவைக்கும் பாக்கெட்டில் உள்ள பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். சந்தையில் தேங்காய்ப்பூ தூவி விற்கும் புட்டும் அரிசிதான். பக்கத்தில் வேறு மாவுப் பண்டம் கிடக்கிறதா, ஒரே இடுக்கியால் எடுக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

காத்தோ பிமா விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். நம் மசால் வடையின் தம்பி அது. பருப்பு, பச்சை மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி. ‘எனா லாஃபாரின் லாடான்?’ என்று கிரியோல் மொழியில், அதாவது உள்ளே மாவு இருக்கிறதா என்று கேட்டால், கடைக்காரர் இல்லவே இல்லை என்பார். அவர் சொல்வது நிஜமாகவே இருக்கும். ஆனால் சட்டியைப் பாருங்கள். அதே எண்ணெயில் சமோசா வேகும், பிரெட் பஜ்ஜி வேகும், உதிர்ந்த துணுக்கெல்லாம் அடியில் கறுத்துக் கிடக்கும். ஒரு துணுக்குப் போதும், குடலைக் கெடுத்துவிடும். வலி வராவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கும், அதுதான் இந்த நோயின் சூட்சுமம். பருப்பை ராத்திரி ஊறப்போட்டு வீட்டிலேயே சுட்டுக் கொடுங்கள்.

இதைவிடக் கள்ளத்தனமாக நுழைவது பெருங்காயம். பொடியோ கட்டியோ, கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பாரில் ஒரு சிட்டிகைதானே என்று விட்டுவிடாதீர்கள். அரிசி மாவு கலந்தது என்று அச்சிட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பெருங்காயமே வேண்டாம். ஹார்லிக்ஸ், மைலோ, ஓவல்டின் மூன்றிலும் பார்லி மால்ட் இருக்கிறது. பல கார்ன்ஃபிளேக்ஸிலும் அப்படியே. சோளம்தானே என்று தைரியமாக வாங்கிவிடுவோம், பட்டியலில் மால்ட் ஒளிந்திருக்கும். ஓட்ஸில் கோதுமை கலந்துவிட வாய்ப்பு அதிகம். குளூட்டன் இல்லை என்று அச்சிட்டதாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே கொடுங்கள். கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் சரி, ஆனால் கோதுமை அரைக்கிற மெஷினில் அரைத்த மாவு ஆகாது.

இங்கே பாதிச் சாமான் பிரான்ஸிலிருந்து வருவதால் லேபிளும் பிரெஞ்சில்தான். பி, எல், இ என்று மூன்றெழுத்து, கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு: அதுதான் கோதுமை. ஓ, ஆர், ஜி, இ என்றால் பார்லி. எஸ்ஸில் தொடங்கி ஐஜிஎல்இ என்று முடிகிற ஆறெழுத்துச் சொல் கோதுமைக்கு உறவான ரை. ஐரோப்பிய லேபிள்களில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாகத் தெரியும்படி, பெரும்பாலும் தடித்த எழுத்தில், போட்டிருப்பார்கள், அதனால் தேடுவது சுலபம். ‘ப்ளே நுவார்’ என்று பார்த்துப் பதறாதீர்கள். பெயரில்தான் கோதுமை, அது பக்வீட் என்கிற வேறு தானியம், குளூட்டன் கிடையாது. அந்த மாவில் தோசை நன்றாக வரும், நிறம் மட்டும் சாம்பல். ‘சான் க்ளுதென்’, அதாவது குளூட்டன் இல்லாதது, என்று போட வேண்டுமானால் ஐரோப்பிய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

வீட்டில் நீங்களும் உங்கள் மனைவியும் சப்பாத்தி சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் பாப்பாவுக்குத் தோசைக்கல், கரண்டி, சல்லடை மூன்றும் தனி. சல்லடையை யாரும் நினைப்பதில்லை, கண்ணில் மாட்டிய மாவு எத்தனை கழுவினாலும் போகாது. மொத்த வீடும் கோதுமையை விட்டுவிடலாம் என்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். பெற்றோருக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்க வாய்ப்பு உண்டு, ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். முதலில் அதை முடித்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள்.

இட்லி மாவு பொங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேட்டுப் பக்கம் குளிர்தான். கியூர்பிப்பில் இன்னும் மோசம். மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிடுங்கள், ஓவனை மூட்டிவிடாதீர்கள். வெந்தயம் ஒரு ஸ்பூன் கூடப் போடுங்கள். ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவரலாம், இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றினால் போதும். அந்தக் கிரைண்டரில் சப்பாத்தி மாவு பிசைந்திருந்தால் அதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.