லேடெக்கில் சிலது பிழை, சிலது எச்சரிக்கை: எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

லேடெக் (LaTeX) என்பது நாம் எழுதிக்கொடுக்கும் கட்டளைகளைப் படித்து ஆவணத்தை அச்சுக்கோக்கும் கருவி. மேலே தொடர அதற்கு வழி தெரியாவிட்டால் பிழை; எப்படியோ ஒப்பேற்றிப் பக்கத்தை முடித்துவிடலாம், ஆனால் நீங்கள் ஒரு முறை பார்த்தால் நல்லது என்றால் எச்சரிக்கை. பினாங்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு மாவே தீர்ந்துவிட்டால் அண்ணன் கையை விரித்துவிடுவார், சம்பல்தான் இல்லை என்றால் "டால் மட்டும்தான், ஓகேவா?" என்று கேட்டுக்கொண்டே தட்டை வைத்துவிடுவார்.

கட்டளைப் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் லேடெக் நின்றுவிடும், சரி. "படம் 3-ஐப் பார்க்க" மாதிரியான குறிப்பு கிடைக்காதது மட்டும் ஏன் எச்சரிக்கை? முதல் ஓட்டத்தில், அதாவது கோப்பை முதல் முறை லேடெக்கில் இயக்கும்போது, அந்த எண் அதற்கே தெரியாது. துணைக் கோப்பில் எழுதிவைத்து அடுத்த ஓட்டத்தில்தான் எடுத்துக்கொள்ளும், அதைப் பிழையாக்கினால் இப்படிக் குறிப்புள்ள எந்த ஆவணமும் முதல் ஓட்டத்தையே தாண்டாது.

அப்புறம், பிடிஎஃப்தான் வந்துவிட்டதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள், மறுபடி ஓட்டிய பிறகும் அந்த எச்சரிக்கை வந்தால், எண் இருக்கவேண்டிய இடத்தில் "??" என்றே அச்சாகும்.